கத்தரியக்காவின் மூன்று கண் வயதுகள்

அந்தத் தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிற வழக்கம் நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது. இப்போதெல்லாம் "உங்க கண்ணுக்கு என்ன வயசு?" என்றுதான் கேட்டார்கள்.

முடிவெட்டுபவர் தன் கண்ணுக்கு முப்பத்தொன்று என்ற தாளைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருந்தார். அன்றே தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். அவரிடம் சவரம் செய்துகொண்டவர்களை ஊரில் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுவிடலாம். கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கு இருபத்தொன்பது. அவர் வண்டி வருகிறது என்று தெரிந்தால் ஜனங்கள் அப்படியே பக்கத்துக் கடைக்குள் ஏறி நின்றுகொள்வார்கள். ஆனாலும் யாரும் குறை சொல்லவில்லை. விஞ்ஞானமே சொன்ன பிறகு போயும் போயும் ஒரு கன்னத்துக்காகச் சண்டை போடுவதா?

அந்த விஞ்ஞானத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறக்கியவர் காலக்கண்ணர். இது அவரே அவருக்கு வைத்துக்கொண்ட பெயர். செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை எடுத்திருந்தார். அவர் மந்திரம் சொல்லவில்லை, பேய் ஓட்டவில்லை. அதெல்லாம் பழைய காலத்து ஆட்கள் செய்கிற வேலை. இவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். அறையில் குளிர்சாதனம் இருந்தது. மேசைமேல் ஆள் உயரத்தில் பாதி இருக்கிற ஒரு வெள்ளைப் பெட்டி, உள்ளே நீல விளக்கு எரிய, பூனைபோல் உறுமிக்கொண்டிருந்தது. கோட்டும் பெட்டியும் குளிரும் சேர்ந்தால் போதும், படித்தவன்கூட வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

அவர் சொன்னது இதுதான். ஆளுக்கு ஒரு வயது, ஆளின் கண்ணுக்கு வேறொரு வயது. உடம்பு உள்ளுக்குள் எவ்வளவு கிழடு தட்டியிருக்கிறது என்பதற்கு இரத்தத்தில் அடையாளங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு சொட்டு கொடுத்தால் போதும், கண்ணின் உள்வயது என்ன, எந்த வருஷம் எந்த மாதம் கண்ணில் எந்த நோய் வரும் என்று பெட்டி கக்கிவிடும். அங்கே கொடுக்கிற கெட்டி அட்டையில், வீட்டிலேயே விரலைக் குத்திச் சொட்டை வைத்து, கூடவே ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர், வயது, உங்களுக்கு என்ன பயம், யார் சொல்லி வந்தீர்கள், புதியவரா பழையவரா. வரவேற்பில் இருந்த பெண் அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றி, அட்டையைப் பெட்டியின் வாயில் போடுவாள். பெட்டி உறுமும். மறுநாள் உறையில் முடிவு வரும்.

முதல் தடவை போனவர்கள் எல்லோருடைய கண்ணும் அவர்களைவிட இருபது வயதுக்குக் குறையாமல் மூத்திருந்தது. பயந்து அழுதவர்களுக்குக் காலக்கண்ணர் ஒரு வழி வைத்திருந்தார். 'இளங்கண் துளி' என்கிற மருந்து. விலையைச் சொன்னால் உங்களுக்கு இப்போதே கண் இருட்டும், வேண்டாம். தொண்ணூறு நாள் குடித்துவிட்டு மறுபடி இரத்தம் கொடுத்தால், கண் வயது தடதடவென்று இறங்கியிருக்கும். ஏறியதாகச் சரித்திரமே இல்லை. ஒருமுறை யாரோ, நீங்கள் ஏன் கண்ணாடி போட்டிருக்கிறீர்கள் என்று அவரையே கேட்டுவிட்டார்கள். இது வெறும் கண்ணாடி, பவர் கிடையாது, என் பார்வையின் கூர்மையைப் பார்த்து மக்கள் மிரளக் கூடாதே என்று போட்டிருக்கிறேன் என்றார். கூட்டம் கை தட்டியது.

இப்படிக் கை தட்டியவர்களில் முன் வரிசையில் இருந்தவர் கத்தரியக்கா.

கத்தரியக்கா சீருடை தைக்கிற பட்டறையில் வெட்டுப் பகுதிக்குத் தலைமை. நீள மேசையில் துணியை நாற்பது மடிப்பு அடுக்கி, மேலே சாக்குக்கட்டியால் கோடு போட்டு, மின்சாரக் கத்தியை அந்தக் கோட்டின்மேல் ஓட்டினால் நாற்பது பேன்ட் ஒரே நேரத்தில் பிறக்கும். இருபத்தாறு வருஷமாக இந்த வேலை. வெட்டுவதற்கு முன் இரண்டு தடவை அளப்பார், மூன்றாவது தடவை அளக்காமல் விட்டோமே என்று பிறகு வருத்தப்படுவார். அவ்வளவு கறார். அப்படிப்பட்ட பெண்மணி ஒரு பெட்டியின் உறுமலுக்கு மயங்கினார் என்றால் அதற்குக் காரணம் இருந்தது.

அவருடைய அம்மாவுக்கு அறுபது வயதில் பார்வை போய்விட்டது. கடைசி ஒன்பது வருஷம் அந்த அம்மா சுவரைத் தடவித் தடவியே நடந்தார், மகளின் முகத்தையும் தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அந்த விரல்கள் கன்னத்தில் ஊர்ந்ததைக் கத்தரியக்கா மறக்கவே இல்லை. தனக்கும் அதே கதி வருமோ என்ற பயம் அவருக்குள் குடியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் கண் டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கிறது, இந்தச் சொட்டு மருந்தைத் தினமும் தவறாமல் விட்டால் பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஆயுசு முழுக்க விட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆயுசு முழுக்க என்ற வார்த்தைதான் அக்காவுக்குக் கசந்தது. சொட்டு மருந்து கண்ணில் எரிந்தது வேறு.

காலக்கண்ணரின் பெட்டி முதலில் அக்காவின் கண்ணுக்கு எழுபத்து நான்கு என்றது. அக்காவுக்கு ஐம்பத்திரண்டு. இளங்கண் துளி குடிக்கச் சொன்ன காலக்கண்ணர், கூடவே ஒரு சின்ன உத்தரவும் போட்டார். இரண்டு மருந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, அந்தச் சொட்டை நிறுத்திவிடுங்கள். அக்கா நிறுத்தினார். தொண்ணூறு நாளில் கண் வயது நாற்பத்தொன்று ஆனது. இனி அந்தச் சொட்டு எதற்கு? ஆறு மாதமாக அது அலமாரியில் சும்மா கிடந்தது.

சொட்டை நிறுத்தியது கணவருக்குத் தெரியாது. அவரைத் தெருவில் எடை சார் என்பார்கள். கடை கடையாகப் போய்த் தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்துகிற அரசாங்க வேலை. ஊரில் பாதிக் கடைக்காரர்கள் அவரைக் கண்டதும் சிரிப்பார்கள், மீதிப் பேர் கடையைச் சாத்துவார்கள்.

அக்காவின் இடது தோளில் ஒரு காயம் வந்தது. நிலைக்கதவில் இடித்துக்கொண்டாராம். அடுத்த வாரம் அதே தோள், அதே நிலை. கதவைச் செய்த தச்சனைத் திட்டினார். இடது கைப் பக்கம் வைத்த தேநீர் டம்ளரை மூன்று நாளில் இரண்டு தடவை தட்டிவிட்டார். அதற்கு டம்ளர் வைத்தவரைத் திட்டினார், வைத்தவர் கணவர் ஆகையால் வசதியாக இருந்தது. பிறகுதான் பட்டறையில் அந்த அசம்பாவிதம் நடந்தது. அடுக்கின் இடது ஓரத்தில் துணி மடங்கிக் கிடந்ததைப் பார்க்காமல் அக்கா கத்தியை ஓட்டிவிட்டார். நாற்பது பேன்ட்டிலும் இடது கால் மட்டும் இரண்டு விரற்கடை குட்டை. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா சாக்குக்கட்டியைத் திட்டினார்.

எடை சார் அன்று மாலை அலமாரியைத் திறந்தார். சொட்டு மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தார். உள்ளே மருந்து காய்ந்து போயிருந்தது. அவர் கத்துகிற ஆள் இல்லை. குப்பியை மேசைமேல் வைத்துவிட்டு, இது என்னம்மா என்று மட்டும் கேட்டார்.

அக்கா ஒளிக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னார். தன் பக்கத்துக்குச் சாட்சியாக ஊசியையும் நூலையும் எடுத்துவந்தார். பட்டறையில் கண் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இருக்கிற ஒரே பரீட்சை அதுதான். ஊசியில் நூல் கோத்தால் கண் நல்ல கண். கோக்க முடியாவிட்டால் கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும். தையல்காரர்கள் காலங்காலமாக இதை நம்பினார்கள், காலக்கண்ணரும் தன் கூட்டங்களில் மேடையேற்றி எல்லோரையும் நூல் கோக்கவைத்தார். அக்கா நூலை நாவில் நனைத்தார், ஒரே குத்தில் கோத்துக் கணவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாத்துக்கோங்க. இது எழுபத்து நாலு வயசுக் கண்ணா?"

எடை சார் ஊசியைப் பார்த்தார், பிறகு மனைவியின் தோளில் இருந்த காயத்தைப் பார்த்தார். அவருக்கு உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் போகலாம் என்றார். அக்கா மாட்டேன் என்றார். பெட்டி புருடா என்றார் இவர். கடையில் காய்கறி எடை போடுகிறவருக்கு விஞ்ஞானம் எப்படிப் புரியும் என்றார் அவர். பேச்சு வளர்ந்து, இரண்டு பேரும் அவரவர் தட்டை அவரவர் கழுவி வைக்கிற அளவுக்குப் போய்விட்டது. அந்த வீட்டில் அதற்குமேல் சண்டை கிடையாது.

மறுநாள் காலை எடை சாரின் தங்கை வந்தாள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை, வாய் கொஞ்சம் நீளம். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கறிக்கடையில் ஒரு சொட்டுக் கோழி இரத்தம் வாங்கி அட்டையில் வைத்துக் கொடுப்போம், கோழிக்குக் கண் வயது எழுபது என்று வரட்டும், ஊரே சிரிக்கட்டும் என்றாள். எடை சார் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"கோழி ரத்தம் வச்சா, இது மனுஷனுக்கான மெஷின், நீங்க ஏமாத்திட்டீங்கன்னு சொல்லிருவான். ஜனமும் ஆமான்னு தலையாட்டும். ஒரு தராசு சரியா இல்லையான்னு பாக்க நான் கடைக்காரன ஏமாத்த மாட்டேன். ஒரே கல்லை மூணு தடவை வைப்பேன். மூணு தடவையும் ஒரே எடை காட்டுனா முத்திரை. வேற வேற காட்டுனா பூட்டு."

அடுப்படியில் நின்றுகொண்டிருந்த அக்காவின் காதில் இது விழுந்தது. மனைவியாக அவருக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் இரண்டு தடவை அளந்து வெட்டுகிறவராக, அந்தப் பேச்சில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சரி, நானே செஞ்சு காட்டுறேன். மூணும் என் ரத்தம். ஒரே எண் வந்துச்சுன்னா, நீங்க வாயை மூடிக்கிட்டு தினமும் என்கூட உக்காந்து இளங்கண் துளி குடிக்கணும்."

"வேற வேற வந்துச்சுன்னா?"

"வராது."

"வந்துச்சுன்னா?"

"உங்க டாக்டரம்மாகிட்ட வர்றேன்."

சாப்பாட்டு மேசையில் மூன்று அட்டைகள் வரிசையாக வைக்கப்பட்டன. அக்கா தன் இடது மோதிர விரலைத் தானே குத்தினார், ஊசி அவருக்குப் பழகிய பொருள். ஒரே குத்தில் வந்த இரத்தத்தை மூன்று அட்டையிலும் ஒவ்வொரு சொட்டு வைத்தார். ஒன்று தன் பெயரில், பழையவர். இன்னொன்று நாத்தனார் பெயரில், புதியவர். மூன்றாவது கணவர் பெயரில், அதுவும் புதியவர். பிறகு வயதால் ஏதாவது வித்தியாசம் வந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, மூன்று படிவத்திலும் ஐம்பத்திரண்டு என்றே எழுதச் சொன்னார். நாத்தனாருக்கு நாற்பத்தாறுதான். ஆறு வயதைக் கூட்டிப் போட மனசு வராமல் அவள் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்றாள்.

மூன்று பேரும் தனித்தனியாகப் போய்க் கொடுத்தார்கள். நாத்தனார் படியேறும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாளாம். எல்லாம் மங்கலாகத் தெரிகிறது, பிழைப்பு போய்விடும்போல் இருக்கிறது என்று வரவேற்புப் பெண்ணின் தோளில் சாய்ந்தே அழுதாளாம். அந்தப் பெண்ணும் கூட அழுதுவிட்டதாகப் பெருமையாகச் சொன்னாள். எடை சார் பயம் என்கிற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மறுநாள் உறைகள் வந்தன. அக்காவே பிரித்தார்.

அவருடைய கண்ணுக்கு முப்பத்தாறு. உள்ளே தங்க எழுத்தில் ஒரு அழைப்பிதழும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை இளங்கண் விழா. பெட்டியின் வரலாற்றிலேயே அதிகமாக இளமை திரும்பிய கண் என்று அவருக்குச் சான்றிதழ். அக்காவின் முகம் மலர்ந்தது. அடுத்த உறையைப் பிரித்தார். நாத்தனாரின் கண்ணுக்கு எழுபத்தொன்பது, நான்காம் வருஷம் முழு இருட்டு. மூன்றாவது உறையில் கணவரின் கண்ணுக்கு எண்பத்திரண்டு. இருட்டுக்கு மூன்றே வருஷம்தான்.

நாத்தனார், அது தன் கண்ணே இல்லை என்று தெரிந்தும், அண்ணனைவிட மூன்று வயது குறைவு என்பதில் ஒரு திருப்தியோடு இருந்தாள். அக்கா மூன்று தாளையும் மேசைமேல் பரப்பி, அடுக்கி, மறுபடி பரப்பினார். அட்டை மாறிப்போயிருக்கும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பொண்ணு தப்பா ஏத்தியிருக்கும் என்றார். ஆறு மாதமாக மருந்து விடவில்லையே என்ற நினைப்பு வந்ததும் மூன்று தாளையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். காலக்கண்ணரையே நேரில் கேட்டுவிடுகிறேன் என்று எழுந்தார். எங்கே என்று கேட்டதற்கு, மேடையில் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் பலர் சுவரோரம் நின்றார்கள். முன் வரிசையில் முடிவெட்டுபவரும் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடை நடுவில் வெள்ளைப் பெட்டி நீல விளக்கோடு உறுமிக்கொண்டிருந்தது. காலக்கண்ணர் கோட்டுக்குமேல் ஒரு சால்வையும் போர்த்தியிருந்தார். விஞ்ஞானிக்குச் சால்வை எதற்கு என்று கேட்கிற ஆள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

கத்தரியக்காவை அழைத்தார்கள். மேடைக்கு ஏறும்போது இடது பக்கக் கைப்பிடியில் மோதிக்கொண்டார். காலக்கண்ணர் சான்றிதழை நீட்டினார். அக்கா கை நீட்டாமல் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார். ஒரு சந்தேகம் கேட்கலாமா என்றார். எழுபத்து நான்கில் இருந்து முப்பத்தாறுக்கு வந்த கண் கேட்கிறது, தாராளமாகக் கேட்கட்டும் என்று காலக்கண்ணர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"மெஷின் தப்பா சொல்லுமாங்க?"

"ஒரு நாள்கூடப் பிசகாதும்மா."

"அட்டை மாறிப்போக வாய்ப்பு இருக்கா?"

"மூணு இடத்துல சரிபாக்கறோம்."

"அப்ப ஒருத்தரோட ரத்தத்தையே மூணு தடவை வச்சா?"

"முந்நூறு தடவை வைங்க. ஒரே எண்தான் வரும். அதுக்குப் பேர்தான் விஞ்ஞானம்."

கை தட்டல் எழுந்தது. அக்கா அது அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு கைப்பையில் இருந்து மூன்று தாள்களை எடுத்து, கடைசி வரிசைவரை கேட்கும்படி வாசித்தார்.

"முப்பத்தாறு, இது என் பேர்ல வந்தது. எழுபத்தொம்பது, இது என் நாத்தனார் பேர்ல. எண்பத்திரண்டு, இது எங்க வீட்டுக்காரர் பேர்ல. மூணும் இந்த ஒரு விரல்ல இருந்து, ஒரே குத்துல வந்த ரத்தம். மூணு படிவத்துலயும் ஒரே வயசு. இதுல எதுங்க என் கண்ணு?"

காலக்கண்ணர் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். முகம் மாறவே இல்லை. பொய்ப் பெயரில் வந்த இரத்தத்தைப் பெட்டி ஒத்துக்கொள்வதில்லை, சந்தேகம் கலந்த இரத்தம் கெட்டுப்போகும், பெட்டியையே ஏமாற்றப் பார்த்த ஒரு குடும்பத்தை என்னவென்று சொல்வது என்று குரலை உயர்த்தினார். கூட்டமும் அக்காவைப் பார்த்துத்தான் முறைத்தது. ஏமாந்தவனுக்கு ஏமாற்றினவன்மேல் வருகிற கோபத்தைவிட, நீ ஏமாந்துவிட்டாய் என்று சொல்கிறவன்மேல்தான் கோபம் முதலில் வரும். முடிவெட்டுபவர் எழுந்து, நல்ல மனுஷனை எதற்கு அவமானப்படுத்துகிறீர்கள் என்று கத்தினார்.

அக்கா விரலை நீட்டினார்.

"சரி, பொய்ப் பேர் வேணாம். பேரே வேணாம். எல்லார் முன்னாடியும் இங்கயே குத்துங்க. வெறும் அட்டை, படிவம் கிடையாது. ரத்தத்தைப் பாத்து மெஷின் சொல்லட்டும்."

இதில் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்? முடிவெட்டுபவரே அதுதான் நியாயம் என்று உட்கார்ந்துவிட்டார். காலக்கண்ணர் முதல் முறையாக நெற்றியைத் துடைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், பெட்டிக்குப் பக்கத்தில் கணினியோடு உட்கார்ந்திருந்த வரவேற்புப் பெண் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"சார், புதுசா பழசான்னு டிக் போடலைன்னா மெஷின் நம்பரே குடுக்காதே."

அந்தப் பெண்ணுக்குத் தான் என்ன சொன்னோம் என்று புரியவில்லை. முன் வரிசையில் முடிவெட்டுபவர் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொள்வதுபோல் பேசினார்.

"அப்ப... ரத்தத்தைப் பாத்து மெஷின் நமக்குச் சொல்லலையா? நாம யாருன்னு மெஷினுக்கு நாமதான் சொல்றோமா?"

புதியவர் என்றால் ஏற்று, பழையவர் என்றால் இறக்கு. ஏழு மாதமாக ஒரு தெருவையே ஆட்டிவைத்த விஞ்ஞானம் இவ்வளவுதான். ஒரு கிளி ஜோசியக் கிளிகூட இதைவிட அதிகமாக யோசிக்கும், அது பாவம் சீட்டையாவது மாற்றி மாற்றி எடுக்கிறது.

பெட்டியைத் திறந்து காட்டு என்று குரல்கள் எழுந்தன. எல்லோரும் எடை சாரைப் பார்த்தார்கள். அவரோ, தராசைத் திறக்கத்தான் எனக்கு அதிகாரம், இதைத் திறக்கச் சட்டத்தில் இடமில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதற்குள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் ஆவேசமாக மேடையேறினார். இருபத்தொன்பது வயதுக் கண்ணுக்குத் தரையில் கிடந்த மின்கம்பி தெரியவில்லை. கால் தடுக்கிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே விழுந்தார். பெட்டியின் முதுகு கழன்றது.

உள்ளே ஒரு சின்ன மின்விசிறி, உறுமியது அதுதான். ஒரு நீல பல்பு. மீதி இடம் முழுக்க அட்டைகள். பெட்டியின் வாயில் போட்ட அட்டைகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அப்படியே விழுந்து கிடந்திருக்கின்றன. ஒருவரும் ஒன்றைக்கூடத் தொட்டிருக்கவில்லை. ஏழு மாதத்து இரத்தச் சொட்டுகள் பழுப்பு ஏறி மேடையெங்கும் சரிந்தன. ஜனங்கள் ஏறி வந்து குனிந்து அவரவர் பெயரைத் தேடினார்கள். கண்ணாடியைப் பூட்டி வைத்துவிட்ட முடிவெட்டுபவர் மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

இந்தக் களேபரத்தில் காலக்கண்ணர் பின்பக்கமாக நழுவப் பார்த்தார். யாரோ இடித்ததில் அவர் மூக்குக்கண்ணாடி விழுந்தது. அவ்வளவுதான், மனிதர் நின்ற இடத்தில் நின்றுவிட்டார். மேடையின் விளிம்பு எங்கே, படி எங்கே என்று காலால் துழாவினார். நாத்தனார் அந்த வெறும் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று உடனே கழற்றினாள். போத்தலின் அடிப்பாகத்தைப்போல் அவ்வளவு கனம். காவலர்கள் வந்து அவரைக் கையைப் பிடித்துத்தான் இறக்கிக் கொண்டுபோனார்கள். அப்போதும் இரண்டு பேர் பின்னாலேயே போய், மருந்து மட்டுமாவது நல்ல மருந்துதானே, கொஞ்சம் இனிப்பாக இருக்கிறதே என்று விசாரித்தார்கள். என்ன செய்வது, வாங்கிய பாட்டில் வீட்டில் மீதி இருந்தது.

திங்கட்கிழமை காலை கத்தரியக்கா கண் டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்தார். அழுத்தம் ஏறிக் கிடந்தது. பிறகு ஒரு கிண்ணம்போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, நடுவில் உள்ள புள்ளியையே பார்த்தபடி, ஓரங்களில் சின்னச் சின்ன வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அக்கா கவனமாக அமுக்கினார். எல்லாவற்றையும் அமுக்கிவிட்டதாகத்தான் நினைத்தார். டாக்டரம்மா இரண்டு வருஷத்துக்கு முந்தைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது கண்ணின் படத்தில் ஓரத்தில் ஒரு கறுப்புத் திட்டு விழுந்திருந்தது. பழைய படத்தில் அது இல்லை.

அக்கா கைப்பையில் இருந்து ஊசியையும் நூலையும் எடுத்தார். ஆனால் நான் நூல் கோக்கிறேனே என்றார், அந்தக் குரலில் சண்டை இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நூல் கோக்க நடுப்பார்வை போதும். இந்த நோய் நடுவை விட்டுவிட்டு ஓரத்தில் இருந்து தின்றுகொண்டு வரும், வலிக்காது, தெரியாது. நூல் கோக்க முடியாத நாள் வரும்போது மிச்சம் எதுவும் இருக்காது. இரத்தத்தில் இருக்கிற முதுமை அடையாளங்களுக்கும் கண் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்கிறவர்கள் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள், ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்தால் ஏதாவது தெரியவரலாம், ஆனால் ஒரு விரலைக் குத்திவிட்டு உங்களுக்கு இந்த வருஷம் இந்த மாதம் என்று சொல்கிறவன் ஆராய்ச்சிக்காரன் இல்லை.

"போன ஓரம் திரும்ப வருமா டாக்டர்?"

"வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்தலாம். சொட்டை விட்டீங்கன்னா கடைசி வரைக்கும் துணி வெட்டலாம்."

அக்கா அழுதார். அம்மாவுக்கு இப்படி ஒரு சொட்டு மருந்து கிடைத்திருந்தால் ஆயுசு முழுக்க என்ன, எட்டு ஆயுசுக்கும் விட்டிருப்பாள் என்று சொல்லிச் சொல்லி அழுதார். எடை சார் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரியே இல்லை.

வெளியே வந்தபோது, காத்திருப்போர் பெஞ்சில் அந்த வரவேற்புப் பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா, மகளின் முழங்கையை இறுகப் பிடித்தபடி. அந்த அம்மா முகத்தைத் திருப்பித் திருப்பி, நேரே எதிரில் இருப்பதை மட்டும் தேடித் தேடிப் பார்த்தார். அக்காவைக் கண்டதும் பெண் எழுந்து நின்றாள். அம்மாவுக்கும் கண்ணில் அழுத்தம் இருந்திருக்கிறது. அவளும் டாக்டர் மருந்தை நிறுத்தி, இலவசமாகக் கிடைத்த இளங்கண் துளியைக் கொடுத்திருக்கிறாள்.

அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊருக்கெல்லாம் டிக் போட்டவளே நீதானே, உனக்குமா தெரியாது என்று கேட்டார்.

"அம்மாவுக்கும் நான்தான்கா டிக் போட்டேன், பழையவர்னு. முப்பத்தி மூணுன்னு வந்துச்சு. அதைப் பாத்துட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா."

அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். தன் கையால் பொத்தானை அமுக்கி, தன் கண்ணால் எண்ணைப் பார்த்து, தன்னைப் பெற்ற தாயின் மருந்தைத் தானே நிறுத்தியவள் அவள். அவள் கையும் நன்றாக வேலை செய்தது, கண்ணும் நன்றாக வேலை செய்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்து யோசிக்கிற ஒன்றைத்தான் அவள் ஏழு மாதமாக யாரோ ஒருவரிடம் கொடுத்து வைத்திருந்தாள். நீங்களும் நானும் யாரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம் என்று பார்த்து, இன்றைக்கே போய்த் திரும்ப வாங்கிக்கொண்டு வருவது நல்லது.